உயிரோடு இருப்பதாகச் சொல்லப் போன நாள்

அந்த ஆற்றோரப் பாதையில் நான் ஒரே ஒரு நாள்தான் நடந்திருக்கிறேன். காலையில் போனேன், மாலையில் திரும்பினேன், அத்தோடு சரி. பிறகு அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை வந்தபோதெல்லாம் பஸ்ஸுக்காக அரை நாள் காத்துக் கிடந்தேனே தவிர, ஆற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதம். மாவுக்கும் சீனிக்கும் கூப்பன் கடையில் வரிசை நின்ற காலம். மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை எனக்கு. அந்த வருடம் மழை பிடித்தது பிடித்ததுதான், விடுவேனா என்று கொட்டியது. பன்னிரண்டு நாள் வெயிலைக் காணவில்லை. பஸ் ரோட்டில் இரண்டு இடத்தில் மலை சரிந்து விழுந்து, பதுளைக்குப் போகிற வழி அடைபட்டுப் போனது. பதுளைக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று நாங்களும் சும்மா இருந்தோம்.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராவில் ஒரு பெரியம்மா இருந்தார். சொந்தமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கிற உறவு. புருஷன் இல்லை, ஒரே மகள். அந்த மகளை ஆற்றின் போக்கிலேயே பன்னிரண்டு மைல் கீழே, வேறொரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார்மேல் பெரியம்மாவுக்குக் கோபம். கோபமென்றால் சும்மா இல்லை. "முறையா அனுப்பாதவுங்க வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்" என்று சொன்னவர், பேரப்பிள்ளை பிறந்து எட்டு மாதமாகியும் போய்ப் பார்க்கவில்லை. மகளுக்கும் அதே ரத்தம்தானே, அவளும் வரவில்லை.

அந்த மழையில் பெரியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. தோட்டத்து மருந்தையா வந்து பார்த்தார். ரோடு இருந்தால் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன், இப்போது தூக்கிக்கொண்டு போனால் வழியிலேயே உயிர் போய்விடும் என்றார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டோம். நாள் கணக்கில் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அன்றிரவு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கண் குழிக்குள் போயிருந்தது, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

"அவளையும் பிள்ளையையும் ஒருவாட்டி எங் கண்ணுல காட்டிருய்யா. எனக்கு ஒண்ணும் கோவமில்லன்னு சொல்லு. கையோட கூட்டிக்கிட்டு வந்துரு" என்றார்.

என்னை ஏன் அனுப்பினார்கள் என்றால், எனக்குக் கால் நீளம். அதோடு கொழுந்து வரத்துக் குறைந்து ஸ்டோரில் எனக்கு இரண்டு நாளாக வேலை இல்லை. மற்றபடி என்னிடம் ஒரு தகுதியும் கிடையாது.

விடியும் நேரத்தில் கிளம்பினேன். ஆற்றோரப் பாதை என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். மாடும் பன்றியும் போட்ட தடம் அது, மனிதர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போனேன். முதல் ஓடையிலேயே சவர்க்காரம் கழுவிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் அட்டைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

சேற்றிலும் பல சாதி உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தேயிலை மலை முடிகிற இடத்தில் சிவப்புச் சேறு, அது வழுக்கும். மூங்கில் புதருக்குள் கறுப்புச் சேறு, அது காலைப் பிடித்துக்கொண்டு விடாது. வயல் பக்கத்தில் ஒரு சாம்பல் சேறு இருக்கிறது, அதுதான் பொல்லாதது. மேலே தண்ணீராகத் தெரியும், காலை வைத்தால் முழங்கால் உள்ளே. ரப்பர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆறு பக்கத்திலேயே காப்பி நிறத்தில் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. அந்த இரைச்சலில் நான் திட்டுவது எனக்கே கேட்கவில்லை.

பாதி வழியில் ஒரு கிளையாறு வந்து சேரும். அதன்மேல் ஒற்றை மரத்தைப் போட்டுப் பாலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர் மரத்துக்கு ஒரு சாண் கீழே ஓடியது. உட்கார்ந்து, குதிரை ஏறியதுபோல இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு நகர்ந்து நகர்ந்து தாண்டினேன். எதிர்க்கரை வயலில் மண்வெட்டியோடு நின்ற சிங்கள ஐயா ஒருவர், நான் தாண்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். தாண்டியதும் தலையை ஆட்டிவிட்டுத் தன் வரப்பைப் பார்க்கத் திரும்பினார்.

பத்து மணிபோல மகளுடைய லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் வாசலில் குந்தி, குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தாள். நானும் மூச்சு வாங்க, வந்த வேலையைச் சொன்னேன்.

"தங்கச்சி, அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியல. ஒன்னையும் பிள்ளையையும் கையோட கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க."

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ஒரு கணம் என்னையே பார்த்தாள். "ஐயோ, என்னப் பெத்தவளே!" என்று ஓர் அலறல். லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

நான் எவ்வளவு பெரிய மடையன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு மைலும் சேற்றைப் பார்த்து நடந்தேனே தவிர, செய்தியை எந்த வார்த்தையில் சொல்வது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்கள் சாவை நேராகச் சொல்வதில்லை. தூரத்தில் இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ கேதம் சொல்ல ஆள் போனால், உடம்புக்கு முடியவில்லை, கையோடு கூட்டிவரச் சொன்னார்கள் என்றுதான் சொல்வான். தந்தி அடித்தாலும் சீரியஸ் என்றுதான் வரும். அதைக் கையில் வாங்குகிறவன் பிரித்துப் படிக்கும் முன்பே தலையில் அடித்துக்கொள்வான். செத்தவர்களுக்கு அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்ட பிறகு, நிஜமாகவே முடியாமல் கிடப்பவர்களைப் பற்றிச் சொல்ல எங்களிடம் வேறு வார்த்தை இல்லை.

"அடியே, அழாத! அம்மா உசுரோடதான் இருக்காங்க!" என்று கத்தினேன்.

"அப்படித்தான் தம்பி சொல்லணும். நீங்க சரியாத்தான் சொல்றீங்க" என்றார் அவளுடைய மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நல்ல மனுஷி. மருமகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரும் அழுதார்.

"கேதம் சொல்ல ரெண்டு பேருதானே அத்தை வருவாங்க? நான் ஒத்தையாத்தானே வந்திருக்கேன், பாருங்க!"

"இந்த மழையில ரெண்டாவது ஆளு எவன் வருவான்?" என்றார் பக்கத்துக் காம்பராக்காரர்.

கேதம் சொல்ல வந்தவன் அந்த வீட்டில் உட்கார மாட்டான், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான். அதனால் நான் திண்ணென்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தேத்தண்ணி கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நக்கி நக்கி, அத்தனை பேருக்கும் முன்னால் ஒரு கோப்பையைக் குடித்து முடித்தேன். போதாதென்று இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினேன். பாவம், எவ்வளவு பசியோ, முறையைக்கூட மறந்துவிட்டான் என்று ஒரு பெண் முணுமுணுத்தாள்.

கடைசியில் பெரியம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "கோவமில்லன்னு சொல்லச் சொன்னாங்க தங்கச்சி. அவுங்க வாயாலேயே சொன்னாங்க." அதைக் கேட்டதும் அழுகை இரண்டு மடங்கானது. போகிற நேரத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளே மகராசி என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார்.

செத்துவிட்டார் என்று முடிவாகிவிட்டதா, அப்புறம் எல்லாம் சாவு வீட்டு முறைப்படிதான் நடந்தது. மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனைக் கூப்பிட ஆள் போயிற்று. அவன் வந்து, குளித்து, வேட்டி மாற்றினான். சம்பந்தி வீட்டுச் சாவுக்கு வெறுங்கையோடு போக முடியாது, பிணத்தின்மேல் போர்த்தக் கோடிச் சேலை வாங்க வேண்டும். கடை ஒன்றரை மைல் மேலே.

"அத்தை, தங்கச்சியும் பிள்ளையும் இப்பவே என்கூட வரட்டும். மாப்பிள்ளை சேலையோட பின்னால வரட்டும்" என்று கெஞ்சினேன்.

"அதெப்படித் தம்பி? புருஷனும் இல்லாம, கோடியும் இல்லாம மருமகளை அனுப்புனா, சாவுக்குக்கூட முறையா அனுப்பலன்னு ஊரு காறித் துப்பாதா? ஏற்கெனவே தலைப்பிரசவத்துல ஒரு பேரு வாங்கியாச்சு." பிறகு என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார், "எதுக்குப் பதர்றீங்க? செத்தவங்க எங்க போகப்போறாங்க? எடுக்கிறது நாளைக்குத்தானே."

எனக்கு வந்த கோபத்தில் அந்த லயத்துக் கூரையைப் பிய்த்து எறிந்திருப்பேன். "செத்துப்போயிருந்தா செத்துட்டாங்கன்னு சொல்ல மாட்டேனா? எனக்கென்ன பயமா?" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பையன் பாசத்தில் பேசுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

புருஷனை விரட்டி வேலை வாங்கலாமென்று நானும் கடைக்குக் கூடப் போனேன். கடை வைத்திருந்த முஸ்லிம் நானா நல்ல பழக்கமான மனிதர். வெள்ளைச் சேலை என்றதுமே அவருக்கு விளங்கிவிட்டது, விலை பேசாமல் நல்லதாக ஒன்றை எடுத்துப் போட்டார். நான் விடவில்லை. "நானா, யாரும் மௌத்தாகல. இவரு மாமியா உசுரோட இருக்காங்க. நீங்களாச்சும் இவருக்குச் சொல்லுங்க" என்றேன். நானா புருஷனைப் பார்த்தார். புருஷன், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சாவுதான் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினான். நானா சேலையைப் பழைய பேப்பரில் சுற்றி, மழைக்கு மேலே ஒரு பொலித்தீனையும் சுற்றி, "அல்லா லேசாக்குவான் தம்பி" என்று என் கையிலேயே கொடுத்தார்.

கிளம்பும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. புருஷன் முன்னால், சேலைப் பொட்டலத்தோடு. நடுவில் மகள். கடைசியில் நான், குழந்தையைக் கம்பளிக்குள் சுற்றி மார்பில் கட்டிக்கொண்டு. அந்தக் குழந்தை ஒரு சத்தம் போடவில்லை. அன்றைக்கு எனக்குத் தொந்தரவு கொடுக்காத ஒரே ஆள் அதுதான்.

மகள் ஒப்பாரி வைத்துக்கொண்டே நடந்தாள். ஒப்பாரிக்கு ஒரு நடை இருக்கிறது, அது மெதுவான நடை. ஒரு வரி பாடி நிற்பாள், மூக்கைச் சிந்துவாள், இரண்டு அடி வைப்பாள். வழுக்குகிற இடத்தில் புருஷன் கையைக் கொடுப்பான். ஒற்றை மரப் பாலம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, கவனமாக உட்கார்ந்து நகர்ந்து தாண்டினாள். அக்கரையில் எழுந்து நின்று, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். நானும் குழந்தையோடு அந்த மரத்தில் நகர்ந்து நகர்ந்து தாண்டினேன். தண்ணீர் காலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது, கால் இரண்டும் ஆற்றுக்குள் கிடந்தன.

மூங்கில் புதருக்கு இந்தப் பக்கம் அட்டை பிடுங்குவதற்காக நின்றோம். புருஷன் பாதை இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் முன்னால் போயிருந்தான். அவள் என் எதிரில் ஒரு கல்லில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, நீங்க பொய் சொல்ற ஆளில்லையே" என்றாள்.

"இல்ல."

"அம்மா நெசமாவே உசுரோட இருக்காங்களா?"

"மாரியாத்தா மேல சத்தியமா இருக்காங்க. நேத்து ராத்திரி எங்கிட்டப் பேசினாங்க. இன்னிக்கு விடியக்கால நான் கிளம்பும்போதுகூடக் கண்ணைத் திறந்து பாத்தாங்க. ஒன்னப் பாக்கணும்னுதான் மூச்சப் புடிச்சிக்கிட்டுக் கெடக்காங்க. நட தங்கச்சி."

மாரியம்மன்மேல் எங்கள் பக்கத்தில் யாரும் விளையாட்டுக்குச் சத்தியம் செய்ய மாட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் அம்மை இறங்கும் என்று பயம். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். அட்டை தொங்கத் தொங்க ஓட ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு ஓட்டம். புருஷனை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். சேலை முழுக்கச் சிவப்புச் சேறு. ஒரு சத்தமில்லை, அழுகையில்லை, மூச்சு மட்டும்தான். ஒருமுறை திரும்பி, "பிள்ளையப் பாத்துத் தூக்கிட்டு வாங்கண்ணே!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் சேற்றைத் திட்டவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் எங்கள் லயத்துக்கு ஏறினோம். வாசலில் ஆட்கள் நின்றார்கள். எங்களைக் கண்டதும் வழியை விட்டார்கள். என்னோடு வேலை செய்கிறவன் ஒருவன் என் பக்கத்தில் வந்து, குழந்தையை வாங்கிக்கொள்கிற சாக்கில், "நாலரை மணிக்கு. இப்பத்தான். கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க" என்று காதுக்குள் சொன்னான்.

பத்தரைக்குக் கிளம்பியிருந்தால் மூன்றரைக்கு வந்திருப்போம். இந்தக் கணக்கை நான் போட வேண்டாமென்றுதான் பார்த்தேன். அது தானாகவே போட்டுக்கொண்டது.

உள்ளே பெரியம்மாவைப் பாயில் நேராகக் கிடத்தியிருந்தார்கள். இன்னும் குளிப்பாட்டவில்லை, கால் கட்டைவிரல்களைக்கூடக் கட்டியிருக்கவில்லை. அடுப்பில் வெந்நீர் அப்போதுதான் ஏறியிருந்தது. தப்பு அடிக்கிறவர்கள் இன்னும் வரவில்லை. மகள் ஓடிய வேகத்திலேயே போய் அம்மாவின்மேல் விழுந்தாள். கன்னத்தைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், போர்வைக்குள் கையை விட்டு அம்மாவின் கையை எடுத்தாள். அழுகை வருமென்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைத் தேடினாள்.

"அண்ணே, கை சூடா இருக்கே" என்றாள்.

அந்தக் கையை விடாமல் மறுபடி கேட்டாள்.

"நீங்க எங்க லயத்துல வந்து நின்னப்ப அம்மா உசுரோட இருந்தாங்களா? நான் சேலை வருதுன்னு ஒக்காந்திருந்தப்ப இருந்தாங்களா? சொல்லுங்கண்ணே."

வாசலில் அவள் புருஷன், சேறு ஒழுக, அந்தப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவனைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். காலையிலிருந்து நான் தொண்டை கிழியக் கத்திய உண்மை வாய் வரைக்கும் வந்து நின்றது.

"இல்ல தங்கச்சி" என்றேன். "விடியக்காலையே முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம்தான் என்னைய அனுப்புனாங்க."

"மாரியாத்தா மேல சத்தியம் பண்ணீங்களே."

"பொய்ச் சத்தியம்தான் பண்ணேன். நீ நடக்கணுமேன்னு."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிழவியை அவள் பார்த்தாள். நான்கு மணிக்குப் பெரியம்மாவின் வாயில் பால் ஊற்றியது அந்தக் கிழவிதான். கிழவி என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு போர்வையைச் சரிசெய்தார்.

"ஆமாடியம்மா, கோழி கூப்பிடுற நேரம். ரெண்டு கம்பளி போட்டு மூடி வச்சிருந்தோம்ல, அந்தச் சூடுதான்" என்றார். "நீ வரணும்னுதான் குளிப்பாட்டாம வச்சிருந்தோம்."

அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் நேரம் தெரியும். ஆமாம், விடியற்காலையில்தான் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள்.

மகள் தலையை ஆட்டினாள். எங்களை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது, பிற்பாடும் நான் கேட்கவில்லை. என் கூட்டாளியிடமிருந்து குழந்தையை வாங்கி, அம்மாவின் பக்கத்தில் படுக்க வைத்தாள். வெந்நீர் கொதித்துவிட்டது, குளிப்பாட்ட வேண்டும், எழுந்திரு என்று பெண்கள் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். அம்மாவின் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டு, அது நன்றாகச் சில்லிட்டுப் போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.